முதலில் எழுந்தவர்

ஆவணி 9, வியாழன்.

காலையில் போனில் அமெரிக்காக்காரர்களின் பேஸ்பால் ஆட்டம் பார்த்தேன். மைதானத்தின் கடைசியில், சுவரோரம் நின்று பந்து பிடிப்பவன்தான் என் ஆள். பிடித்த பந்தைக் கூட்டத்துக்கே வீசிவிடுவான். ஒன்பது வருஷம் ஒரே அணிக்கு ஆடியவன், இந்த வருஷம் வேறு அணிக்குப் போய்விட்டான். இன்று பழைய ஊரிலேயே ஆட்டம். எதிரணிச் சட்டையில் மட்டையோடு வந்தான். கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. பந்து வீசுகிறவன்கூட வீசாமல் காத்திருந்தான். விட்டுப்போனவனுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?

பதினோரு மணிக்குக் குணசேகரன் வந்தான். நம் தறியில் பன்னிரண்டு வருஷம் நெய்துவிட்டு, தை மாதம் செவிலிமேட்டு முதலாளியிடம் போனவன். மகள் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினான்.

"கண்டிப்பா வரணும்ண்ணே. அண்ணியையும் இட்டுக்கினு வாங்க."

நான் உட்கார்ந்தபடியே ஒரு கையால் எடுத்துக்கொண்டேன். அவன் வெறும் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

"ஏங்க, எழுந்து வாங்கினா இடுப்பு ஒடிஞ்சிடுமா?" என்றாள் மல்லிகா.

சாயங்காலம் அந்த ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அத்தனை பேரில் முதலில் எழுந்தது யார் என்று தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. நாலாவது தடவைதான் கண்ணில் பட்டது. ஓரத்தில் ஒரு பெரியவர், பழைய அணியின் தொப்பி போட்டவர். முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டுத்தான் எழுந்தார்.

அப்போது அவரைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். வேறு யாருமே எழாமல் போயிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பார்?