துடுப்புச் சத்தம் நின்றால்

தண்டர் பே
1982 ஏப்ரல் 9

அன்புள்ள தம்பி ரெய்னோவுக்கு,

அக்கா ஹெல்வி எழுதுகிறேன். நானும் உன் அத்தான் ஆர்வோவும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டுப் போனவன், ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி எழுதினாய், அதோடு சரி. ஃபோன் செய்யலாம் என்றால் அந்தச் சனியன் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து இவர் காபி குடிக்கிறார். இவரைப் பற்றி இவர் காதுபடவா பேசுவது?

ஆர்வோ நேற்றே கேனோவைக் கொட்டகையிலிருந்து இறக்கிவிட்டார். முற்றத்தில் இன்னும் முழங்காலளவு பனி. அதன் மேலேயே தோணியைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை தேடுகிறார். மே மாதம் ஏரியில் பனி உடைந்த முதல் வாரமே மூன்று தீவு ஏரிக்குப் போக வேண்டுமாம். அப்போதுதான் பெரிய ட்ரவுட் மீன்கள் கரையோரம் மேலே திரியுமாம், தண்ணீர் சூடானால் ஆழத்துக்கு இறங்கிவிடுமாம். பத்தொன்பது வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் பாடுகிற அதே பாட்டு.

போன வருஷம் தோணி கவிழ்ந்து, இரண்டு பேரும் உதடு நீலம் பாரித்து வந்து நின்றீர்களே, அதிலிருந்து மே மாதம் என்றாலே எனக்குப் பயம். இவருக்கு அது வேடிக்கைக் கதை. யார் காபிக்கு வந்தாலும் ஆரம்பித்துவிடுகிறார். “எம் மச்சானுக்கு அவசரம்! நடு ஏரியில தோணியில எந்திரிச்சு நின்னுட்டான். ஒண்ணுக்குப் போறதுக்கு ஏரியே வேணும்னுட்டான். ரெண்டு பேரும் குளிச்சோம்!” எல்லாரும் சிரிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று நீ மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெட்கப்படாதே, யாருக்கும் நடக்கிறதுதான்.

நீ வருகிறாய் அல்லவா? வழக்கம்போல நீ முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வரும். இந்தத் தடவை உட்கார்ந்தே இரு.

அன்புடன்,
அக்கா ஹெல்வி


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் புல்லா ரொட்டியும் வந்தன. ரொட்டி வழியிலேயே கல்லாகிவிட்டது, காபியில் முக்கிச் சாப்பிட்டேன்.

இந்த வருஷம் நான் வர முடியாது. மில்லில் ஆள் குறைத்துவிட்டார்கள், மே மாதம் முழுக்க இரட்டை ஷிஃப்ட். முழங்காலும் சரியில்லை. தோணியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு காட்டுப் பாதையில் அரை மைல் நடக்க இனி என்னால் ஆகாது.

அத்தானையும் போக வேண்டாம் என்று சொல். ஜூனில் போகட்டும், தண்ணீர் கொஞ்சம் சூடாகட்டும். கரையில் நின்று தூண்டில் போட்டால் மீன் கடிக்காதா என்ன? நான் சொன்னதாகச் சொல்லாதே.

அவர் ஒழுங்காகத் தூங்குகிறாரா? மர லாரி ஓட்டுவதில் ஒன்றும் சிரமம் இல்லையே? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி,
ரெய்னோ


ஏப்ரல் 22

ரெய்னோ,

அன்புள்ள என்று எழுத மனசு வரவில்லை. நீ வரவில்லை என்றதும் இவர் என்ன சொன்னார் தெரியுமா? “பாவம், பயந்துட்டான். விடு, நான் தனியாப் போய்க்கிறேன்.” தனியாக, ரெய்னோ! அந்த ஏரிக்கரையில் மே மாதம் காக்கைகூட இருக்காது. நீ வருவதாக இருந்தால் ஒரு பயம். இப்போது நூறு பயம்.

அப்புறம், அதென்ன “சும்மாதான் கேட்கிறேன்”? ஏழு வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு வந்து, “அக்கா, சும்மாதான் கேக்குறேன், கண்ணாடி எங்க கிடைக்கும்?” என்று கேட்டவன் நீ. எனக்குத் தெரியாதா உன்னை?

நன்றாகத்தான் இருக்கிறார். வயதாகிறது, அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காபி ஊற்றினார். கோப்பை நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். சாஸர், மேஜைத்துணி, தரை என்று எல்லாம் காபி. இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை தோளைப் பிடித்து உலுக்கியதும், “ஏன் கத்துற? யோசிச்சிட்டிருந்தேன்” என்றார். இந்தக் குளிர்காலத்தில் இப்படி மூன்று நான்கு தடவை ஆகிவிட்டது. காபியைக் கொட்டிவிட்டு அப்படி என்னதான் யோசிப்பாரோ!

முழங்காலைக் காரணம் காட்டாதே. வா.

ஹெல்வி


ஏப்ரல் 27

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று வேலைக்குப் போகவில்லை. காபி ஊற்றியதை நீ சாதாரணமாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது சாதாரணம் இல்லை. இதை ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நான் தோணியில் எழுந்து நிற்கவே இல்லை.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. முன்னால் இருப்பவன் முன்னால் மட்டும்தான் பார்ப்பான். திரும்பினால் தோணி ஆடும். பின்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது துடுப்புச் சத்தத்தில்தான் தெரியும். அத்தான் தூண்டில் கழியைத் தொடைக்கடியில் செருகி, நூலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே துடுப்புப் போடுவார். துடுப்புச் சத்தம் நின்றால் மீன் கடித்திருக்கிறது என்று அர்த்தம். உடனே நானும் துடுப்பை நிறுத்திவிட்டு, பேசாமல், அசையாமல் இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

அன்று காற்றே இல்லை. வடக்கு மூலையில் இன்னும் பனிக்கட்டி மிதந்தது. பின்னால் சத்தம் நின்றது. நான் சந்தோஷப்பட்டேன் அக்கா. “பெருசா அத்தான்?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன். பதில் இல்லை. பெரிய மீன்தான் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். தோணி மெல்ல வலது பக்கம் சாய்ந்தது. அதன் பிறகு தண்ணீருக்குள் இருந்தேன்.

மேலே வந்து பார்த்தபோது அவர் லைஃப் ஜாக்கெட்டில் மிதந்துகொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. நாற்பது கஜம் அவரைக் கழுத்துப்பட்டையில் பிடித்து இழுத்தேன். கரையில் தீக்குச்சியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்து உரசினேன். பிர்ச் மரப்பட்டை பற்றிக்கொண்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. முதல் பேச்சே, “என்னடா, எந்திரிச்சியா?” என்பதுதான்.

ஆமாம் என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். விஷயம் வெளியே வந்தால் லைசென்ஸ் போய்விடும், பென்ஷனுக்கு மூன்று வருஷம்தான் இருக்கிறது என்று நினைத்தேன். குளிரில் வந்த மயக்கம், இனி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவும் இல்லை. அந்தக் கண்ணை மறுபடி நினைக்கப் பயந்தேன். இந்த வருஷம் வர மறுத்ததும் அதனால்தான். இரண்டாவது தடவை அவரை இழுக்க என்னிடம் பலம் இல்லை.

அவரைப் போக விடாதே. டாக்டரிடம் கூட்டிப் போ.

ரெய்னோ


மே 3

ரெய்னோ,

தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். கையுறை போட மறந்து வெளியே வந்திருக்கிறேன் என்பதுகூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சவுனாவில், நீராவிக் குளியலுக்கு உட்கார்ந்திருந்தபோது, அவரிடம் சொன்னேன். அங்கேதான் அவர் கோபப்பட மாட்டார். தப்புக் கணக்கு. “அவன் எந்திரிச்சதை மறைக்க என்னை நோயாளி ஆக்குறானா? இனி இந்த வீட்டுப் படி ஏறட்டும், பாத்துக்கிறேன்!” என்று கத்தினார். டாக்டரிடம் போகலாம் என்றேன். “டாக்டர்கிட்ட போனா லைசென்ஸைப் புடுங்குவான். இன்னும் ரெண்டு வருஷம் ஹெல்வி. விட்டுடு” என்றார். ஒன்றுமே இல்லாத மனுஷனுக்கு லைசென்ஸ் நினைப்பு எதற்கு வருகிறது? அவருக்குள்ளும் ஏதோ தெரிந்திருக்கிறது. அவரும் பயத்தில்தான் கத்துகிறார்.

உன்னையும் திட்டத்தான் போகிறேன். ஒரு வருஷம்! முப்பது டன் மரத்தை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வழியாகத் தினமும் போகிறார். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தண்ணீரிலிருந்து அவரை இழுத்து வந்தாய், அதற்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் உன்னை எப்போது மன்னிப்பேன் என்று தெரியவில்லை.

துடுப்புகளை ஒளித்து வைத்தேன். புதிதாக இரண்டு வாங்கி வந்துவிட்டார். பனி உடைந்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அழுதும் பார்த்தேன், சாப்பிடாமலும் இருந்தேன். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. சொன்னால் நீ தடுப்பாய்.

ஹெல்வி


மே 9

அக்கா,

இந்தக் கடிதம் வரும்போது நீ வீட்டில் இருக்க மாட்டாய். இருந்தும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

இரண்டு நாளாக உன் வீட்டுக்கு ஃபோன் செய்கிறேன், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு சைமாவைக் கூப்பிட்டேன். “உங்க அக்காவும் அவரோட சின்ன லாரியில ஏறிப் போச்சே! ரப்பர் பூட்ஸ் எல்லாம் போட்டுட்டு” என்றாள். நீயா? சவுனாவுக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் ஏரியில் குதிக்கும்போது வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடுகிறவள் நீ. கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளாவது தோணியில் ஏறியிருக்கிறாயா?

உட்காராதே, மண்டி போடு. கரையை விட்டு விலகாதீர்கள். கவிழ்ந்தால் தோணியை விடாதே. மூன்று நிமிஷத்தில் விரல் செத்துவிடும், அதற்குள் அவர் ஜாக்கெட்டைப் பிடித்துவிடு. இதையெல்லாம் இப்போது எழுதி என்ன பயன்?

லீவு வாங்கிவிட்டேன். நேற்றிலிருந்து வண்டிச் சாவி கையில் இருக்கிறது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே போனால் கவிழ்ந்த தோணி மட்டும் மிதக்கும் என்று தோன்றுகிறது.

ரெய்னோ


மூன்று தீவு ஏரிக்கரை
மே 11, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைப் படித்துக்கொள்.

மாவுப் பையைக் கிழித்து, எங்கள் சின்ன லாரியின் மூக்கின் மேல் வைத்து எழுதுகிறேன். கிறுக்கல் புரியாவிட்டால் திட்டாதே.

உன் இடத்தில் நான் ஏறினேன். ஆனால் முன்னால் பார்த்து உட்காரவில்லை. அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். “தோணியில யாராவது இப்படி உட்காருவாங்களா? பாக்குறவங்க சிரிப்பாங்க” என்றார். “இங்க யாரு இருக்கா பாக்குறதுக்கு? ஓட்டுங்க. கரையிலேர்ந்து பத்தடி தள்ளிப் போனா கத்துவேன்” என்றேன். போகிற வழி எதையும் நான் பார்க்கவில்லை. மூன்று நாளும் அவர் முகத்தை மட்டுமே பார்த்தேன். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. கை இரண்டும் தோணியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தன. ராத்திரி விரலை நிமிர்த்த அவர்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. நான்கு ட்ரவுட் பிடித்தார். வெண்ணெயில் வறுத்துத் தின்றுவிட்டு, “உன் தம்பி சொன்ன பூதம் எங்கடி?” என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போனது. எனக்கே உன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

நேற்றுக் காலை, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். துடுப்பு பாதியில் நின்றது. கண் திறந்திருந்தது. அதில் அவர் இல்லை, ரெய்னோ. கத்தவில்லை. மூட்டைகளின் மேல் தவழ்ந்து போய், அவரைக் கீழே இழுத்து, மணிக்கட்டு இரண்டையும் பிடித்துக்கொண்டேன். தோணி ஆடி ஆடி, உள்ளே தண்ணீர் வந்தது. துடுப்பு நழுவிப் போய்விட்டது. சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அறுபத்துமூன்றில் கண் சிமிட்டினார். “ஏன் கையப் புடிச்சிட்டிருக்கே?” என்றார். பிறகு துடுப்பைத் தேடினார். அது இருபதடி தள்ளி மிதந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு நேரம்?” என்றார். சொன்னேன்.

மிதக்கிற துடுப்பையே பார்த்துவிட்டு, “அப்போ அவன் எந்திரிக்கலையா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றேன். “ஊரைக் கூட்டி வெச்சு அவனைப் பாத்து சிரிச்சேனே ஹெல்வி” என்று சொல்லிவிட்டுத் தோணிக்குள்ளேயே அழுதார். கவிழ்ந்துவிடப் போகிறது என்று எனக்கு அழக்கூடப் பயம். இன்னொரு துடுப்பால் தள்ளி அங்கேயே கரை ஒதுங்கி, தோணியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே கரையோரமாக நடந்து வந்து சேர்ந்தோம்.

லாரி பக்கத்தில் வந்ததும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். “இனி ஓட்ட மாட்டேன். இதையும் ஓட்ட மாட்டேன், மரம் ஏத்துற வண்டியையும் ஓட்ட மாட்டேன்” என்றார். எனக்கோ ஓட்டத் தெரியாது. நேற்றிலிருந்து இங்கேயே கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

உங்கள் மில்லுக்கு மரம் கொண்டுபோகிற வண்டி ஒன்று இப்போது வந்தது. அதில் ஒருவருக்குத்தான் இடம். இவரைத் தனியாக அனுப்பவும் மாட்டேன், விட்டுவிட்டுப் போகவும் மாட்டேன். அதனால் கடிதம் மட்டும் வருகிறது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லட்டுமா என்று அந்த டிரைவர் கேட்டார். உன் அத்தான் நீதான் வர வேண்டும் என்கிறார். கேட்க வேண்டிய மன்னிப்பை நேரில் கேட்க வேண்டுமாம். இங்கிருந்து நேராக டாக்டரிடம் போகவும் சம்மதித்துவிட்டார்.

நீ இப்போது சமையலறையில் உட்கார்ந்து எதையாவது நினைத்து நடுங்கிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நடுக்கம் நின்ற பிறகு கிளம்பலாம் என்று காத்திருக்காதே. மூன்று நாளில் எனக்கு அது நிற்கவே இல்லை. பயத்தோடேயே வா.

உன் அக்கா,
ஹெல்வி