வெள்ளைப் பூ சென்ட்டின் அடிவாடை

செல்லமே,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு முதலில் வேண்டியது அதுதான். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் இந்த இரண்டு அறை வீட்டில் அவர் காதில் விழாமல் எங்கே நின்று பேசுவது.

நீ அனுப்பிய சென்ட்டை முதல் நாள் போட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது, இந்த வயதில் கல்யாணப் பெண் மாதிரி கமகமத்துக்கொண்டு. முதலில் பச்சைக் காம்பை ஒடித்த வாசனை, கொஞ்ச நேரத்தில் மல்லிகையும் சம்பங்கியும் சேர்ந்து திகட்டத் திகட்ட ஓர் இனிப்பு. பக்கத்து வீட்டுத் தையல்காரி கதவைத் தட்டி, என்ன விசேஷம்னு சொல்லவே இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போட்டுக்கொள்வதில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவளுக்கு மூக்குதான் பாதிக் கண், பிரிக்கும் முன்பே உள்ளே கெட்டுவிட்டதா என்று அது சொல்லிவிடும். அதனால் வீடு திரும்பிக் குளித்த பிறகுதான் கழுத்தில் துளி தடவுவேன். ஆனால் பொழுது சாயச் சாய அந்த இனிப்புக்கு அடியில் வேறொன்று வந்தது, பூச்சாடியில் தண்ணீர் மாற்றாமல் விட்டதுபோல. தலைமை நர்ஸிடம் சொன்னால், வெள்ளைப் பூன்னா அப்படித்தாங்க, அடியில லேசா அழுகல் வாடை இருந்தாத்தான் நல்ல சென்ட்டு என்றாள். நானும் நம்பினேன். பவுடருக்கே தும்முகிற உன் அப்பாவோ, நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று பாட்டிலை அவரே எடுத்து நீட்டினார். இத்தனை வருஷத்தில் இல்லாத கரிசனம் என்று உச்சி குளிர்ந்து போனேன். புத்தி எங்கே போயிற்றோ.

இன்று எனக்கு லீவு. சென்ட் போடவில்லை, என் துணி, தலையணை உறை எல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அவருக்குக் காப்பி கொடுக்கக் குனிந்தால் அதே வாடை. பூ இல்லை, அடியில் இருந்தது மட்டும். வார்டில் எத்தனையோ கட்டுக்குள் முகர்ந்த வாடை அது. சர்க்கரைக்காரர், போன வருஷம் கால் சுண்டுவிரல் தப்பியதே பெரிய பாடு. காலைக் காட்டுங்கள் என்றேன். குளிருதுன்னு சாக்ஸ் போட்டிருக்கேன், வார்டுல பண்ற அதிகாரத்தை வீட்டுல வச்சுக்காதே என்று கத்தினார். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குக் கோபமில்லை, பயம், காலை எடுத்துவிடுவார்களோ என்று. எனக்கும் அதே பயம்தான்.

இப்போது அயர்ந்து தூங்குகிறார். வெந்நீரும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்துவிட்டேன், டாக்ஸிக்காரரையும் வரச் சொல்லியாயிற்று. இது உன் கைக்கு வருவதற்குள் முடிவு போனில் தெரிந்திருக்கும். அதற்கு முன்பே எழுதுவது ஒன்றுக்காகத்தான், நான் அனுப்பின சென்ட்டாலதானே புண் வாடை தெரியாமப் போச்சு என்று நீ அங்கே உட்கார்ந்து அழக் கூடாது. மறைத்தவர் அவர், ஏமாந்தவள் நான், உன் மேல் ஒன்றுமில்லை.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். போனை அணைத்து வைக்காதே. யார் யாருக்கோ முகம் சுளிக்காமல் கட்டுப் பிரித்தவள், இந்த ஒரு சாக்ஸைக் கழற்ற இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்புடன்,
உன் அம்மா