நீ அனுப்பிய சட்டை

துணி அறை, மதிய இடைவேளை
செவ்வாய்க்கிழமை

என் அருமை வாயாடிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த முதுகுவலி போயிற்றா என்பதற்கு மட்டும் பொய் சொல்லாமல் பதில் போடு.

போனில் பேசாமல் இதென்ன காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். நம் வீட்டில் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது உனக்குத் தெரியாததா? குளியலறைக்குள் போய்ப் பேசினாலும் கதவுக்கு வெளியே நின்று, அவளை லீவு போட வைக்காதே என்பார். அதனால் ஆஸ்பத்திரித் துணி அறையில், மடித்து அடுக்கிய போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போர்வைகள் ஒட்டுக்கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பாதியில் போனை வைத்துவிட்டாய். பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பிய சட்டையை இன்டர்வியூவுக்குப் போடமாட்டேன், டீ ஷர்ட்டில்தான் போவேன் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. நான் என்ன பெண் பார்க்கவா போறேன், லிஃப்ட் பார்க்கத்தானே போறேன் என்று அவர் வேறு கிண்டல் பண்ணினார். நான் எது வாங்கிக் கொடுத்தாலும் உங்களுக்குப் பிடிக்காதுப்பா என்று நீ சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. நீ வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உன்மேல் தப்பில்லை. அவர்மேலும் தப்பில்லை. தப்பெல்லாம் பட்டன்மேல்தான்.

அந்தச் சட்டையை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா? வந்த நாளிலிருந்து தினமும் உறையிலிருந்து எடுத்துப் பார்க்கிறார். பெரிய ஆபீசர் போடுற துணிம்மா இது என்று என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். அதோடு நீ எழுதி அனுப்பினாயே ஒரு பட்டியல்: முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட வேண்டும், கஃப் மடிக்கக்கூடாது, இன் பண்ணி பெல்ட் போட வேண்டும், லேஸ் வைத்த ஷூ. அதை அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது புரியவில்லை.

போன வாரம்தான் புரிந்தது. சாயங்காலச் செய்தி ஆரம்பிக்கும்போது சட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணாடி முன் நின்று இரண்டாவது பட்டனைக் காஜாவுக்குள் நுழைக்கப் பார்க்கிறார். விரல் அங்கே போகிறது, பட்டன் நழுவுகிறது. மறுபடி போகிறது, மறுபடி நழுவுகிறது. வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்திப் பார்த்தார். பிறகு பட்டனை யார் பிடிப்பது? செய்தி முடிந்து வானிலையும் முடிந்தது. நான் சமையலறைக்குப் போய், எனக்கு ஏகப்பட்ட வேலை இருப்பதுபோல் பாத்திரங்களை உருட்டினேன். திரும்பி வந்தபோது டீ ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தார். காலர் கொஞ்சம் உறுத்துது என்றார். நானும் ஆமாம், புதுத்துணி அப்படித்தான் என்றேன்.

இதற்குமேல் உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. ஐந்து மாதத்துக்கு முன் லிஃப்ட் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள் என்று சொன்னாரே, யாரும் குறைக்கவில்லை. அவரோடு வேலை செய்தவரின் மனைவியை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன், அவள்தான் சொன்னாள். ஏழாவது மாடியில் நின்று வேலை செய்யும்போது அப்பா கையிலிருந்த ஸ்பேனர் நழுவி லிஃப்ட் ஓடும் குழிக்குள் விழுந்திருக்கிறது. கீழே அவள் கணவர். தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்றாம். இருபத்தேழு வருஷத்தில் ஒரு திருகாணி கூடக் கீழே விட்டதில்லை உன் அப்பா. அடுத்த நாள் அவரே போய் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் போகச் சொல்லவே இல்லையாம்.

இங்கே வார்டு சிஸ்டர் ஒருத்தி இருக்கிறாள், கழுகுக் கண்ணு. ஒரு நாள் அப்பா என்னை அழைத்துப்போக வாசலில் வந்து நின்றார். மறுநாள் அவள் போர்வை எடுக்க வந்தவள், உங்க வீட்டுக்காரர் நடக்கும்போது ஒரு கையை வீசறதே இல்லையேக்கா, நரம்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்க என்றாள். கருவிப் பை தூக்கித் தூக்கி அப்படி ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டின பெண்டாட்டி நான், அவள் ஒரு நிமிஷத்தில் பார்த்ததை இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

நோயின் பெயரை எழுதமாட்டேன். எந்த டாக்டரும் இன்னும் சொல்லவில்லை, அவர் வந்து காட்டினால்தானே சொல்ல. நான் தினமும் வேலைக்குப் போகிற ஆஸ்பத்திரி, அந்த டாக்டர் அறை எங்கள் மாடிப்படிக்கு எதிரில். அவரை அந்தப் படி ஏற வைக்க என்னால் முடியவில்லை. டீயைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றார், குறைத்தார். பிறகு காபியையும் விட்டார். இப்போது வெந்நீர் குடிக்கிறார், டம்ளர் அப்படியேதான் ஆடுகிறது.

இந்த வேலை மட்டும் கிடைத்துவிட்டால் போதும் என்று இருக்கிறது. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டைப் பரிசோதிக்கிற வேலை. கருவி பிடிக்க வேண்டாம். பார்த்து, கேட்டு, என்ன கோளாறு என்று சொன்னால் ஆபீசில் ஒரு பெண் தட்டச்சு செய்துவிடுவாளாம், அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். உள்ளே ஏறி நின்றாலே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறவர் அவர். நாம் யாரையும் ஏமாற்றுகிறோமா என்று கூட யோசித்துப் பார்த்தேன். அவர் காது நடுங்கவில்லையே. வேலையை விட்டதிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை, யாராவது இப்போது எங்கே வேலை என்று கேட்டுவிடுவார்களாம். இதுவும் போனால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

நான் ஒரு காரியம் செய்யப் போகிறேன். நோயாளிகள் அங்கிக்கு நாங்கள் ஒரு ஒட்டுப் பட்டை தைப்போம், பிரித்தால் கர்ரென்று சத்தம் போடுமே, அது. இஸ்திரி போட்டு வருகிறேன் என்று உன் சட்டையை இன்று இங்கே கொண்டுவந்துவிட்டேன். பட்டனை எல்லாம் வெட்டி, காஜாவின் மேலேயே தைத்து, உள்ளே பட்டை வைக்கப் போகிறேன். வெளியே பார்த்தால் பட்டன் போட்டது போலவே இருக்கும், கை வைத்து அழுத்தினால் போதும். கஃபுக்கும் அப்படியே. நீ ஆசையாக வாங்கியதில் கத்தரிக்கோல் வைக்கிறேன், மன்னித்துக்கொள். அவர் என்ன சொல்வாரோ தெரியவில்லை. மணி அடித்துவிட்டது, மிச்சத்தை வியாழக்கிழமை அவர் இன்டர்வியூ போய்வந்த பிறகு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். சட்டையைத் தைத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் எழுந்து போனேன். அதற்குள் துணிகளில் வார்டு பெயர் குத்துகிற எங்கள் முத்திரைக்காரர், குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிற மகராசன், அதையும் வார்டு துணி என்று நினைத்து கீழோரத்தில் அழியாத மையில் குத்திவிட்டார்: ஆண்கள் பிரிவு மூன்று. சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இன் பண்ணினால் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொண்டுபோய் வைத்தேன்.

வியாழன் காலை சட்டையை எடுத்து விரித்தார். முதலில் கண்ணில் பட்டது முத்திரைதான். அதுக்குள்ள வார்டில் எனக்கு இடம் பிடிச்சிட்டியா என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு பட்டையைப் பார்த்தார். பிரித்தார், கர்ரென்றது. ஒட்டினார். மறுபடி பிரித்தார். கத்துவார், சட்டையை வீசுவார் என்று கதவோரம் நின்றிருந்தேன். மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக அழுத்தினார், கழுத்து வரை. ஷூவுக்கு நான் முந்தின நாளே லேஸை முடிச்சுப் போட்டு உள்ளே தைத்துவிட்டேன், காலை நுழைத்தால் போதும். பெல்ட்டை மட்டும் நான் மாட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். நீ பார்த்திருக்க வேண்டும், உன் பட்டியலில் ஒன்று குறையவில்லை.

வாசல்வரை போனவர் திரும்பி நின்று, அலமாரியில் இருக்கிற மத்த சட்டையையும் ஒருநாள் கொண்டு போறியா என்று கேட்டார். சரி என்றேன். பட்டனைப்பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

போன இடத்தில் நன்றாகவே நடந்ததாம். மேலே போகும்போதே அவர்கள் லிஃப்ட் எந்தப் பக்கம் உரசுகிறது என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னார், சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தது. உங்களை விட்டுவிட்டு நாங்கள் யாரைத் தேடப் போகிறோம் என்று கையைக் குலுக்கினாராம். அந்தக் கையைத்தான். குளிரா இருக்கா என்று கேட்டாராம், ஏசி கொஞ்சம் அதிகம் என்றாராம் இவர்.

அதோடு விட்டிருக்கக் கூடாதா? நாலு பக்கத்துக்குப் படிவம் கொடுத்து, இங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார்களாம். மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன், வீட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடி நீ வாங்கின சட்டைப் பையில்தான் இருந்தது. அதிகாரி பார்த்தாரா இல்லையா என்று என்னிடம் நாலு முறை கேட்டார். நான் அங்கே இருந்தேனா என்ன, எனக்கு எப்படித் தெரியும்.

படிவத்தை என் கையெழுத்தில் நிரப்பிவிட்டேன். உன் எழுத்துத்தான் குண்டு குண்டாக இருக்கும் என்று அவரே சொன்னார். ஆனால் கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து, அதை அதிகாரி முன்னால்தான் போட வேண்டுமாம், அடையாள அட்டையில் இருப்பதோடு ஒத்துப்பார்ப்பார்களாம். வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு. இன்று பழைய நாளிதழைக் கட்டிப் போட எடுத்தேன். ஓரம் முழுக்க அவர் கையெழுத்து. முதலில் பெரிதாக ஆரம்பித்து, போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி. ஒவ்வொரு தாளிலும் அப்படியே. நான் எதையும் பார்க்காதவள் போலக் கட்டி வைத்துவிட்டேன்.

சட்டைக்கு ஒரு பட்டை தைத்தேன், ஷூவைத் தைத்தேன், படிவத்தை நிரப்பினேன். கையெழுத்தை நான் எப்படித் தைப்பேன்? வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் உன்னிடம் கேட்கிறேன். நீ படித்தவள். உனக்கும் ஒன்றும் தோன்றாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் போன் பண்ணு. கையைப்பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. அழாதே, உன் குரல் மாறினால் கண்டுபிடித்துவிடுவார். சட்டை அளவு சரியாக இருந்ததா என்று மட்டும் கேள். உனக்கு லீவு கிடைக்காது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார், அதனால் நான் வா என்று எழுதவில்லை. புதன்கிழமை நான் காலை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருப்பேன்.

சட்டை வந்து சேர்ந்தது என்று உனக்கு நாலு வரி எழுதப்போவதாக இன்று காலை அவரிடம் சொன்னேன். நானும் ஒரு வரி போடுறேன் என்று தனித்தாள் கேட்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் குளித்து, துணி துவைத்துக் காயப்போட்டு, தலை துவட்டிக்கொண்டு வரும்வரை எழுதினார். அதை இதோடு வைத்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது எழுதினது, அதான் எழுத்து ஆடியிருக்கு என்று அவளிடம் சொல்லிடு என்றார். சொல்லிவிட்டேன். நீயும் பஸ்ஸில் எழுதினது என்றே நம்பிவிடு, கண்ணு.

நோய்நொடி அண்டாமல், கைகால் சுகத்தோடு நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அம்மா

(தனித்தாளில்)

மகளுக்கு,
சட்டை கச்சிதம்.
அப்பா