வெட்டிக் கொண்டுவந்த நீளம்

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் பாய்மரப் படகுச் சங்கத்தில் அளவுப் படிவங்கள் பதினொன்று வந்தன. எல்லாவற்றிலும் "சுமார்". பாயின் நீளம் கேட்ட இடத்தில் ஒருத்தர் "நல்லா இருக்கு" என்று எழுதியிருக்கிறார்! இதை வைத்துத்தான் பந்தயத்தில் சின்னப் பாய்க்கு எத்தனை நொடி சலுகை என்று நான் கணக்குப் போட வேண்டும்.

ஸ்டெல்லா மட்டும் படிவமே தரவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவள். பெட்டிக்குக் கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையில் ஒரு கட்டு கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் மார்க்கரில் "மேலேருந்து கீழ", "அடி ஓரம்" என்று எழுதியிருந்தாள்.

"படிவத்துல இருக்கற பேரு ஒண்ணும் புரியல சார். அதான் நீளத்தையே வெட்டிக் கொண்டாந்துட்டேன். நூலுன்னா இழுபடும், இது இழுபடாது."

இத்தனை வருஷம் இன்ஜினியராக இருந்து எனக்கு இது தோன்றவில்லையே!

வீட்டுக் கூடத்தில் விரித்து மூன்று தரம் அளந்தேன். நான் வைத்திருக்கும் சங்கப் பதிவேட்டில் இருப்பதைவிட அவள் பாய் ஒரு சாண் குறைவு. பதிவேட்டில் நான் எழுதியது பாய் விற்றவன் கொடுத்த கையேட்டைப் பார்த்து. அளக்கவே இல்லை. போன வருஷம் அவள் ஐந்தே நொடி வித்தியாசத்தில் கோப்பையைத் தவறவிட்டாள்.

போன் பண்ணிச் சொன்னேன்.

"சரி சார், இந்தத் தடவை சரியா போடுங்க. மிச்சப் பட்டை கட்டுக்குள்ளயே இருக்கு, உங்க படகுக்கும் வெட்டிக்குங்க."

என் படகின் அளவும் கையேட்டைப் பார்த்து எழுதியதுதான். அந்தக் கோப்பை என் அலமாரியில் இருக்கிறது.