பெரியவளும் சின்னவளும்

மார்ச் 4, புதன்

நேற்று தங்கை சௌமியாவுக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நெற்றி அப்படியே எங்கள் அம்மா. நான் பெரியம்மா ஆகிவிட்டேன். பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன், அம்மா இல்லாத குறை தெரியக் கூடாதென்று. மாமியார் வீட்டில் அனுப்பவில்லை.

வந்ததும் பீரோவிலிருந்து துணிப்பாப்பா இரண்டையும் எடுத்தேன். பெரியவள், சின்னவள். அம்மா சிறுமியாக இருந்தபோது அவளுடைய அத்தை பழைய லுங்கித் துணியில் தைத்துக் கொடுத்தவை. அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து தங்கைக்கு. எனக்குக் கல்யாணமாகி முதல் தடவை தள்ளிப்போனபோது, "மொதல்ல உன் பொண்ணுக்குத்தான்கா" என்று அவளே கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்பது வருஷம் ஆகிறது. அதுவும் தங்கவில்லை, அதற்கடுத்ததும் தங்கவில்லை.

அலசிக் காயவைத்து, கண்களுக்குப் புது நூல் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்துக்கு, அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

சௌமியாவின் மாமியார் தனகோடி அம்மாள் பையைப் பிரித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது?" சொன்னேன். பொம்மைகளைத் திரும்பவும் பைக்குள்ளேயே வைத்தார்.

"தப்பா நெனைக்காத. புள்ள தங்காத ஊட்லேர்ந்து வர்றத பச்சக் கொழந்த பக்கத்துல வெக்க வேணாம்."

சௌமியா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நிமிரவே இல்லை. ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை? இடுப்புல தூக்கி வெச்சி வளத்தேனேடி உன்ன.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர் அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வரும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

வேலைக்குப் போனேன். ஷூ தைக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. பக்கத்து மிஷின் சைரா, "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லயா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14

சௌமியா ஐந்து முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 18, புதன்

இன்று குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். நான் போகவில்லை.

"நீ போலன்னா அந்தம்மா சொன்னத நீயே ஒத்துக்கின மாதிரி ஆயிடும்" என்றார் இவர்.

"நீங்க போங்க. உங்களயும் நிக்க வெச்சி சொல்லட்டும்!" கத்திவிட்டேன். அவர் வேலைக்குப் போய்விட்டார்.

தனியாக இருந்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? சின்னவளைத் தோளிலிருந்து இடுப்புவரை வெட்டிவிட்டேன். உள்ளே பழுப்பேறிய பஞ்சு, கட்டி கட்டியாக. பெரியவள்மேல் கத்தரிக்கோல் போகவில்லை.

நான் இன்னா பண்ணிட்டேன்? இந்தக் கையாலதான கண்ணு தெச்சேன்?

சாயங்காலம் இவர் வந்து பார்த்தார். பஞ்சைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வைத்தார்.

ஏப்ரல் 3

சௌமியா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இதைத்தானே நான் விரும்பினேன்?

ஏப்ரல் 19, ஞாயிறு

கதவைத் திறந்தால் சௌமியா. கையில் குழந்தை, தோளில் பை. தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"உள்ள வரலாமாக்கா?"

"உன் மாமியாருக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒரே சண்ட." செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே சொன்னாள்: "அன்னிக்கு அவங்க சொன்னப்ப... ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேங்கா. கொழந்தைக்கு எதனா ஆயிடுமோன்னு. அதான் வாயத் தொறக்கல."

அவள் வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் சாக்குச் சொல்லவில்லை. உள்ளே வா என்றேன்.

"பாப்பாங்கள குடுக்கா."

கொண்டுவந்து வைத்தேன். "சின்னவள நான்தான் வெட்டிட்டேன்" என்றேன். அதை எடுத்து வெட்டுவாயைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஊசி நூல் கேட்டாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, பஞ்சைத் திணித்து அவளே தைத்தாள். கோணல்மாணலாக. கம்பெனியில் இப்படித் தைத்தால் ரிஜெக்ட். நான் கை வைக்கவில்லை. குழந்தை என்மேல் தூங்கிவிட்டது.

போகும்போது சின்னவளை மட்டும் எடுத்துக்கொண்டாள். "பெரியவ இங்கயே இருக்கட்டும். இவ வர்றப்ப இங்கயும் ஒண்ணு வேணுமில்ல?"

ஜூலை 12, ஞாயிறு

சௌமியா விடாமல் கூப்பிட்டதால் குடியாத்தம் போனேன். நான்கு மாதத்துக்குப் பிறகு.

வாசலில் நுழையும்போதே கண்ணில் பட்டது. கொடியில் குழந்தைத் துணிகளுக்கு நடுவே சின்னவள், இரண்டு கிளிப்பில் தொங்கிக்கொண்டு. தனகோடி அம்மாள் அதை வெயில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"வாயில வெச்சி எச்சி பண்ணிடுது. தொவைக்காம இன்னா பண்றது? இது இல்லாம தூங்கவும் மாட்டேங்குது." கொடியைப் பார்த்தபடிதான் சொன்னார்.

மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை.

காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை ஜாஸ்தி. முழுவதும் குடித்தேன்.