ஆளுக்கு ஒரு கை கடலை

இந்த நோட்டு கையில் கிடைத்திருந்தால், நீங்கள் யாராக இருந்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் படித்துக்கொள்ளுங்கள், அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம். அம்மாவுக்கு அப்பாவிடம் எதையும் மறைக்கத் தெரியாது. அட்டையில் 'புவியியல்' என்று எழுதியிருப்பது பொய். முதல் நாலு பக்கம் மட்டும்தான் புவியியல்.

ராஜேஸ்வரி, ஒன்பதாம் வகுப்பு.

ஆடி 14, திங்கள்

நாள் முழுதும் காற்று. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்ணெல்லாம் கரிசல் மண். பாவாடையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா.

பேச்சியை இன்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது அப்பா. காரணம் நான்.

யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

அப்பாவின் கடலை மிட்டாய்க் கம்பெனி வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இருக்கிறது. மூன்று வருடம் மழையில்லாமல் பருத்தி கருகிய பிறகு தொடங்கியது. பத்துப் பெண்கள் கடலை உடைக்கிறார்கள். சுப்பையா அண்ணாச்சி (இனி சு. அண்ணாச்சி) அளந்து வாங்கி, வறுத்து, பாகு காய்ச்சி, மிட்டாய் வெட்டுகிறார். போன மாதம் மதுரைக் கடைக்காரர் கடிதம் போட்டார். இன்னொரு தடவை சரக்கு பிந்தினால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வாராம். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் கேட்டேன், "எதனால பிந்துதுன்னு நான் பாத்துச் சொல்லட்டாப்பா?"

கேட்டிருக்க வேண்டாம்.

"நீயா? சரி, பாரு. பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லித் தாராவன்னு நானும் பாக்கேன்" என்றார் அப்பா.

நான் பார்த்து எழுதிக் கொடுத்தது:

1. கடலை மூட்டை பின்னால் கிட்டங்கி அறையில். ஒவ்வொருத்தியும் எழுந்து போய் ஓலைப்பெட்டியில் அள்ளி வருகிறாள். நாளைக்கு ஆறேழு நடை. மூட்டையை அவர்கள் பக்கத்திலேயே போட வேண்டும்.

2. உடைத்த பருப்பைச் சாயந்திரம்தான் அளக்கிறார்கள். அதுவரை வறுக்கிற அடுப்பு சும்மா. மத்தியானமும் ஒரு தடவை அளந்தால் அன்றைக்கே பாகு காய்ச்சலாம்.

3. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து படி குறையாமல் இருந்தால் கூலி. அதற்கு மேல் யார் எவ்வளவு என்று எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

முதல் இரண்டும் பலித்தன. வியாழக்கிழமையே மதுரைக்குச் சரக்கு லாரியில் ஏறியது. "ஏ, எம் மவ மேனேசர்லா!" என்று அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எனக்குப் பச்சை ரிப்பன் இரண்டு முழம்.

மூன்றாவதுதான்.

போன வாரம் முழுக்க, சு. அண்ணாச்சி அளந்து சொல்லச் சொல்ல எழுதினேன். மத்தியான அளவை அவரே குறித்து வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கட்டம் போட்ட தாளில் படம் வரைந்தேன். கணக்கு டீச்சர் சொல்லித் தந்த மாதிரி, ஆளுக்கு ஒரு கோடு, நிமிர்ந்து நிற்கிற மாதிரி. ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை படி என்று, பத்துச் சின்னக் கட்டம் ஒரு படி. ஒன்பது பேர் கோடும் எழுபத்து மூன்றிலிருந்து எழுபத்தாறு கட்டத்துக்குள். பேச்சியுடையது மட்டும் ஐம்பத்திரண்டு. அதற்குச் சிவப்புப் பென்சில் அடித்தேன். அழகாக இருக்கும் என்று.

ஏன் குறைகிறது என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை. அடிமட்டம் நகராமல் கோடு போடுவதிலேயே இருந்துவிட்டேன்.

இன்று காலை அப்பா படத்தைக் கொட்டகைக் கதவில் ஒட்டினார். "ஏட்டி பேச்சி, ஒனக்கு வேலையில கவனம் இல்ல. நாளையிலருந்து வர வேண்டாம்."

பேச்சி அழவில்லை. கதவு வரை வந்து படத்தைப் பார்த்தாள். கீழே எழுதியிருந்த பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து தன் பெயரில் நின்றாள்.

ஆறாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போதும் சாயந்திரம் அளந்து முடித்ததும் கிட்டங்கி வாசலில் அரைமணி நேரம் நான்தான் அவளுக்குப் பாடம். எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதப் போகிறாள். எங்கள் இரண்டு பேரையும் சு. அண்ணாச்சியையும் தவிர யாருக்கும் தெரியாது.

என்னுடைய பழைய கணக்குப் புத்தகத்தை மடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அட்டை பிரியாமல் தைத்து வைத்திருக்கிறாள்.

ஆடி 15, செவ்வாய்

காற்று. மின்சாரம் இரண்டு தடவை போனது. பேனா ஒழுகி இடுப்பெல்லாம் நீலம்.

சாயந்திரம் கொட்டகைக்குப் போனேன். பேச்சு நின்றுவிட்டது. கடலைத் தொலி உடைகிற சத்தம் மட்டும்.

வேலம்மாள் அக்கா: "வாங்க மேனேசரம்மா. இன்னிக்கு யாரு சீட்டக் கிழிக்கப் போறிய?"

மூலையிலிருந்து ஒருத்தி: "மெல்லப் பேசுட்டி. நீ மூச்சு விடுததுக்கும் கோடு போட்டுருவாவ."

சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"சும்மா கெடங்கட்டி. பச்சப் புள்ள" என்று மாடத்தி அக்கா எழுந்தாள். பேச்சிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். என்னைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போய் வலது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பெருவிரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, நகம் கறுத்து. மூன்று வாரமாக நகச்சுத்து. அந்த விரலை அழுத்தாமல் கடலை உடைக்க முடியாது. இடது கையால் நாளைக்கு இரண்டு படி உடைப்பதே பெரிசாம்.

ஆனால் என் படத்தில் அவள் கோடு எழுபத்து நான்கு.

"இங்கன ஒரு வழக்கம் பாப்பா. புள்ள பெத்துட்டு வந்தவளுக்கும், கை புண்ணாப் போனவளுக்கும், பெட்டி நெறையும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு கை பருப்பு போட்டுருவோம். அஞ்சு படி சேந்துரும். ஒங்கப்பாவுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியும். அளக்கையில மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவாவ."

"அப்ப ஏழு படிக்கு மேல எப்படி வந்துச்சு?"

"நீ எழுத ஆரம்பிச்சியல்லா. அஞ்சோட நின்னா நாந்தான கடைசி? ஒங்கப்பா எங்கையப் பாத்தா ஒரு நாளு வச்சிருப்பாவளா? அதான் பேச்சி கூடக் கூட அள்ளிப் போட்டா. ஒரு நாளைக்கு மூணேகால் படிக்கு மேல வரும். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவ கேட்டாத்தான."

அங்கேயே மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பேச்சி உடைத்தது எண்பத்தைந்து கட்டத்துக்குக் குறையாது. கம்பெனியிலேயே முதல் ஆள்.

நான் பெட்டியைப் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது சு. அண்ணாச்சி பாகுச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். அவர் தலை தூக்கவில்லை. "நீ என்னையக் கேட்டது எத்தன படின்னுதான பாப்பா."

தெருக்குழாயில் பேச்சி குடம் வைத்திருந்தாள்.

"ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

"என்னத்த?"

"மாடத்தி அக்காவுக்குப் போட்டத."

"நீதான எழுதுன? ஒனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். எப்படியும் எனக்குச் சரிபண்ணிப் போட்டுருவன்னு நெனச்சேன்."

குடம் நிறைந்து வழிந்தது. இரண்டு பேரும் நகர்த்தவில்லை.

"அப்பாட்டச் சொல்லுதேன் பேச்சி."

"சொல்லு. நாளைக்கே அக்காவ வெளிய அனுப்புவாவ. அவ மூணு புள்ள வச்சிருக்கா. நான் ஒத்தையா எங்கயும் பொழச்சுக்கிடுவேன். பசுவந்தனை அத்தை ஆடு பத்தி மேய்க்க ஆள் கேட்டிருக்கா. வியாழக்கிழம ஆறு மணி பஸ்சு." பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாயத் தெறந்த, செத்தாலும் ஒங்கூடப் பேச மாட்டேன், ராசி."

பசுவந்தனையில் அவளுக்கு யார் கணக்குச் சொல்லித் தருவார்கள்? பின்னம் பாதியில் நிற்கிறது.

ரிப்பனை அவிழ்த்துத் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

ஆடி 16, புதன்

வரலாறு பரீட்சையில் 31. அம்மாவுக்குத் தலைவலி. கிட்டங்கிப் பூனை மூட்டைச் சந்தில் மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஒன்று கறுப்பு. பேச்சியிடம் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்து, பாதி வழியில் நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் எழுதிப் பார்த்தது:

அ. உண்மையைச் சொன்னால் மாடத்தி அக்கா போவாள். பேச்சி வந்தாலும் என்னோடு பேச மாட்டாள்.

ஆ. சும்மா இருந்தால் பேச்சி போவாள். நாளைக் காலை.

இ.

'இ' காலியாகவே இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் பேச்செடுத்தேன். "அப்பா, அந்தப் படத்துல ஒரு தப்பு இருக்கு போல."

"என்ன தப்பு?"

"பேச்சிக்குக் கொறச்சு எழுதிட்டேன்."

"அப்ப யாருக்குக் கூட எழுதுன? அடுப்புக்குப் போன பருப்போட மொத்தம் சரியா இருந்துச்சே. நான் கூட்டிப் பாத்தேன்லா."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மா தண்ணீரை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அவ காலைல ஆறு மணி பஸ்ல பசுவந்தனைக்குப் போறாப்பா."

அப்பா தட்டை ஒதுக்கினார். "அதுக்கு முன்ன திருத்திக் காட்டு. வாயால சொல்லாத, படத்துல காட்டு. தப்பு ஒந்தப்புன்னா அண்ணாச்சிய சைக்கிள்ல பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புதேன். கூட்டாளிக்காகப் பொய் எழுதுனன்னு தெரிஞ்சுது, பள்ளிக்கூடம் அன்னையோட சரி. நீயும் அங்கன உக்காந்து கடலை உடைக்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

எல்லாரும் படுத்தாயிற்று. மண்ணெண்ணெய் விளக்கைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, கதவு இடுக்கில் போர்வையைச் சுருட்டி வைத்திருக்கிறேன். புதிய தாள். ஒரு மணி நேரமாக ஒரு கோடும் போடவில்லை.

'இ' கிடைத்துவிட்டது.

ஒரு சின்னக் கட்டம் படியில் பத்தில் ஒரு பங்கு. சமையல் கட்டில் போய்க் கடலையை அள்ளி அளந்து பார்த்தேன். ஏறக்குறைய ஒரு கை. அவர்கள் பருப்பில் செய்ததை நான் தாளில் செய்கிறேன். ஒன்பது பேர் கோட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு கை. போதவில்லை. ஆளுக்கு இரண்டு கை. பதினெட்டு. ஐம்பத்திரண்டும் பதினெட்டும் எழுபது.

மூன்று தடவை கூட்டினேன். மொத்தம் மாறவில்லை.

மற்றவர்கள் எழுபத்தொன்றிலிருந்து எழுபத்து நான்குக்குள் வருகிறார்கள். பேச்சி எழுபது. இப்போதும் கடைசிதான், ஆனால் ஒரு கட்டத்தில் கடைசி. ஒரு கை பருப்புக்காக யாரையும் நிறுத்த முடியாது. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூட எழுதிவிட்டேன், அவசரத்தில் பேச்சியுடைய படியை அவர்கள் பெயரில் எழுதிவிட்டேன் என்று சொல்லப் போகிறேன். என் தப்பு என்று சொல்லப் போகிறேன். அது பொய்யும் இல்லை.

வேலம்மாள் அக்காவைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மூன்று கையாகப் போட்டிருப்பாள்.

மாடத்தி அக்கா கோட்டிலிருந்தும் இரண்டு. எடுக்காவிட்டால் அது மட்டும் தனியாகத் தெரியும். அழிரப்பரால் அழிக்கும்போது அவள் பெட்டிக்குள் கை விடுகிற மாதிரி இருந்தது.

பேச்சிக்கு உரியது இதிலும் இல்லை. அவளுடையது எண்பத்தைந்து. அதை எந்தத் தாளிலும் நான் வரைய முடியாது. இந்த நோட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன்: பேச்சி, 85. முதல்.

அப்பா பிடித்துவிட்டால்? கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டார். அவரே கூட்டிப் பார்க்கிறவர். சு. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார்? என் புத்தகங்களை யாருக்குக் கொடுப்பார்கள்?

பரவாயில்லை. கொட்டகையில் உட்கார வைத்தால் பேச்சிக்குப் பக்கத்தில் இடம் கேட்பேன். அவள் பேசாவிட்டாலும்.

இந்தத் தடவை சிவப்பு இல்லை. பத்துப் பேருக்கும் ஒரே நீலப் பென்சில். ஒன்பது கோடு முடிந்தது. பேச்சியுடையதைக் கடைசிக்கு வைத்தேன். விரல் மரத்துப்போய் இடையில் இதை எழுதுகிறேன். அறுபத்து மூன்று வரை ஏறிவிட்டது. இன்னும் ஏழு கட்டம்.

வெளியே இருமல். அம்மாவுடையது இல்லை, அப்பாவுடையது.

கதவைத் தட்டுகிறார்கள். ஏழு கட்டம்தான், இன்னும் ஏ