ஸ்தோத்திரச் சீட்டில் ஒரு வார்த்தை

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். மாடியில் காயப்போட்ட துணி இரண்டாம் நாளாக ஈரம். இன்று மகள் பிளெஸ்ஸி வருகிறாள். ஆறு நாள்தான். திங்கள் காலை திரும்ப மக்காவ்.

கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு. திருப்பதியில் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு வீட்டுக்குப் பன்னிரண்டு மணி பஸ். "சித்தூர், சித்தூர், ரண்டி மேடம்," என்று கண்டக்டர். பஸ் முழுக்க நனைந்த குடை வாடை. பாகாலா தாண்டியதும் மழை விட்டிருந்தது, ரோடுகூடக் காய்ந்துவிட்டது.

வாங்கியவை: கேழ்வரகு மாவு, சின்ன வெங்காயம், எலுமிச்சை, அவளுக்குப் புது தலையணை உறை. நாட்டுக்கோழிக்கு டேவிட் நேற்றே சொல்லி வைத்துவிட்டார். மகள் வருகிறாள் என்றால் என் வீட்டுக்காரருக்கு வங்கி வேலைகூட இரண்டாம் பட்சம். விமான நிலையத்துக்கு விடிவதற்குள் கிளம்பிப் போனவர்.

நாலு மணிக்கு வந்தார்கள். முடியை இன்னும் குட்டையாக வெட்டியிருக்கிறாள். கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்:

"அம்மா, புரொமோஷன் குடுத்துட்டாங்க. ராத்திரி ஷோ மொத்தமும் இனிமே என் பொறுப்பு. சீஃப் சவுண்ட் இன்ஜினியர்."

"நல்லது," என்றேன்.

"இந்த வேலைக்கு அங்க இதுவரைக்கும் பொம்பளைங்க யாரும் வந்ததில்ல."

"நல்லது. சாப்பிட வா."

டேவிட் என்னை ஒரு பார்வை பார்த்தார். சமையலறைக்குப் போய் ஒரே பாத்திரத்தை இரண்டு முறை கழுவினேன். எனக்கு இப்படித்தான் வருகிறது. என்ன செய்ய.

களியும் கோழிக்குழம்பும். மூன்று உருண்டை. "அங்க இன்னாம்மா துன்றே, ஒல்லியாயிட்ட?" என்று டேவிட். "நைனா, போன தடவையும் இதேதான் சொன்னீங்க. நான் ரெண்டு கிலோ ஏறிக்கினு வந்திருக்கேன்."


நவம்பர் 5, புதன்

வெயில். துணி காய்ந்தது.

இரண்டாம் ஆண்டு புள்ளியியல், நிகழ்தகவு. எந்தச் சூதாட்டத்திலும் கடைசியில் நடத்துபவனே ஜெயிப்பான் என்பதை முப்பத்தேழு குழி உள்ள சுழல்சக்கரத்தை வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு வருடமும் நடத்தும் பாடம். கடைசி பெஞ்சிலிருந்து வழக்கமான குரல்: "மேடம், வினபடட்லேது." கேட்கவில்லையாம். இருபத்து நாலு வருடமாக என் குரல் கடைசி பெஞ்சுக்குப் போனதே இல்லை.

ஸ்டாஃப் ரூமில் பத்மஜா: "மீ அம்மாயி வச்சிந்தண்டா? ஏம் சேஸ்துந்தி அக்கட?" மகள் வந்திருக்கிறாளாமே, அங்கே என்ன செய்கிறாள் என்று. "ஓட்டல்லோ" என்றேன். இரண்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அவள் வேலை செய்வது மக்காவில் ஒரு காசினோ ரிசார்ட்டில். சற்று முன்தான் காசினோவின் கணக்கைப் பலகையில் எழுதி அழித்த கை.

சாயங்காலம் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். பி. திடீரென்று:

"அம்மா, எனக்கு வேலை கெடச்சப்ப கோயில்ல நீ குடுத்த ஸ்தோத்திரச் சீட்டை நான் லைவ்ல கேட்டுக்கினு இருந்தேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் சபையில் நன்மை நடந்தால் காணிக்கைக் கவரோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம். இன்னார் இன்ன காரியத்துக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்துகிறார்கள் என்று எங்கள் போதகர் ஐயர் சபைமுன் படிப்பார். குடும்பம் எழுந்து நிற்கவேண்டும். அன்று நானும் டேவிட்டும் நின்றோம். நான் எழுதியது: "மகளுக்கு வெளிநாட்டில் ஓட்டலில் நல்ல வேலை கிடைத்ததற்காக."

"பொய் இல்லையே. ஓட்டலும் இருக்கு இல்ல அங்க?"

"இருக்கு. அடுத்த வாரமே நம்ம கோயில் சாலமோன் அங்கிள் மெசேஜ் போட்டாரு, அவரு மச்சான் பையனுக்கு வெயிட்டர் வேலை வாங்கித் தர முடியுமான்னு." சிரித்தாள். பிறகு சிரிப்பு இல்லாமல்: "எனக்குக் கோவம் இல்லமா. இந்தத் தடவை நீ சீட்டு எழுதலன்னாலும் பரவால்ல. எழுதுனா நான் செய்ற வேலையை எழுது."

ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது. அறுப்பின் பண்டிகை வேறு. கோயில் நிரம்பியிருக்கும்.


நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். கேஸ் தீர்ந்தது, மாற்றியாகிவிட்டது. உள்மதிப்பீட்டுத் தாள்கள் பாதி திருத்தினேன்.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும்.

ஏழரை மணி. அங்கே பத்து, ராத்திரிக் கூட்டம் சேரும் நேரம். பி. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பும் பெரிய ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் இந்த வாரம் தனியாக நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்கிறாளாம், இவள் இங்கிருந்து காது கொடுக்கிறாள். நடுநடுவே ஆங்கிலத்தில் சின்னச் சின்ன உத்தரவு. அதட்டல் இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினாள். நான் அடுப்பை அணைத்தேன். என் வீட்டில் எனக்கே.

பிறகு கூப்பிட்டு ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

"கண்ண மூடிக்கோ. அந்தப் பொண்ணு டெஸ்ட் மைக்க கையில வச்சிக்கினு நடக்கப் போறா. மேடை முன்னால இருந்து சீட்டாட்ட மேசை ஓரம் வரைக்கும். அறுவது அடி கூட இருக்காது."

முதலில் டிரம்ஸ். நெஞ்சில் இடிப்பதுபோல. பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கூட்டம் கத்தியது. பிறகு சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது, கதவு எதுவும் சாத்தாமலே. பாட்டு இருந்தது, ஆனால் அடுத்த தெருவில் நடப்பதுபோல. அதன்மேல் ஆட்டக் காசுகள் ஒன்றோடொன்று மோதும் கலகல. சீட்டு போடும் பெண்ணின் சாதாரணப் பேச்சுக் குரல். யாரோ இருமினார்கள்.

"நடுவுல சுவர் இருக்கா?"

"ஒண்ணும் கெடயாது. ஒரே ஹால். டான்ஸ் ஆடறவங்களுக்குத் தாளம் பிசகாம கேக்கணும், மேசையில இருக்கறவங்களுக்குப் பேச்சு கேக்கணும். ஸ்பீக்கரை எங்க திருப்பறோம், ஒவ்வொண்ணுலயும் சத்தத்தை எவ்ளோ தாமதமா விடறோம், அதுலதான் இருக்கு. போன வருஷம் வரைக்கும் மேசைக்காரங்க தெனமும் கம்ப்ளெய்ண்ட். நான் எட்டு மாசம் ஒவ்வொரு அடியா நடந்து நடந்து மாத்தினேன். அதுக்குத்தான் புரொமோஷன்."

சத்தம் எங்கே நிற்கவேண்டும் என்று ஒரு கோடு. அதைப் போட்டது இவள். பத்தாம் வகுப்பில் கோயில் மைக் ஏன் ஊளையிடுகிறது என்று கேட்டுக் கேட்டு சாலமோன் அண்ணன் உயிரை வாங்கியவள். ஸ்பீக்கரைப் பிரசங்கிக்கு முன்னால் நகர்த்தியதும் ஊளை நின்றது. அப்போதும் "நல்லது" என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

சாப்பிடும்போது அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். இதுவரை கேட்டதில்லை. வாசலில் கண்ணாடிப் பெட்டிகளில் பாடகர்களின் பழைய கிட்டார்கள். லிஃப்டில் மாடிக்கு ஒரு இசை. ரூம் சாவி கிட்டார் மீட்டும் வில்லை வடிவம் (எனக்கு ஒன்று கொண்டுவந்திருக்கிறாள், புத்தகத்தில் அடையாளம் வைக்க). எங்கும் கடிகாரம் கிடையாது.

"அது தப்பான இடம்தான்," என்றேன்.

"தெரியும்மா. ஒரு ஆளு பாட்டு நின்னது கூடத் தெரியாம மேசையில சீட்டு ஆடிக்கினே இருந்தாரு. விளக்கெல்லாம் போட்டு நாங்க வயர் சுத்திக்கினு இருக்கோம், அவரு திரும்பல. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல." குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஆனா என் வேலை நல்ல வேலைம்மா."

டேவிட் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காதெல்லாம் இங்கே.


நவம்பர் 7, வெள்ளி

மழை. கல்லூரி. தலைவலி.

சீட்டு எழுதிப் பார்த்தது:

1. மகளின் பணி உயர்வுக்காக. (எந்தப் பணி?)
2. இசைத் துறையில் மகள் பெற்ற உயர்வுக்காக. (கீர்த்தனை பாடுகிறாள் என்று நினைப்பார்கள்.)
3. வெளிநாட்டு நிறுவனத்தில். (கோழைத்தனம்.)

இரண்டு வருடம் எதற்குப் பயந்தேன்? சபை என்ன சொல்லும் என்பதற்கு மட்டும் என்றால் வெட்கக்கேடு. காசினோவில் எனக்கும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த இடத்தை மறைத்தால் அவள் வேலையும் சேர்ந்து மறைந்துபோகிறது. ஓட்டல் என்றால் தட்டு ஏந்துகிறாள் என்றுதானே நினைப்பார்கள். அறுபது அடி, எட்டு மாதம், அதை யாருக்கும் சொல்ல முடியாது.

எழுதிவிட்டேன். ஒரே மூச்சில், பேனாவில், அடித்தல் இல்லாமல்.

பருப்பு ஊறப்போடவேண்டும்.


நவம்பர் 8, சனி

வானம் வெளுத்தது. கோயிலுக்குக் கொடுக்க இரண்டு பூசணி, ஒரு தார் வாழை.

பதினோரு மணிக்குச் சாலமோன் அண்ணன், சபைச் செயலாளர், வந்தார். ஹவுசி டிக்கெட்டுக்கு. பண்டிகை சாயங்காலம் மைதானத்தில் ஹவுசி நடக்கும்: காசு கொடுத்து டிக்கெட், கூப்பிடும் எண்கள் அதில் வந்தால் பரிசு. எந்த எண்கள் எந்தச் சீட்டில் என்று பன்னிரண்டு வருடமாகப் போட்டுத் தருவது நான்தான். புள்ளியியல் படித்ததற்குச் சபை கண்டுபிடித்த ஒரே உபயோகம்.

"இன்னாம்மா பிளெஸ்ஸி, ஓட்டல் எல்லாம் எப்படி ஓடுது? நம்ம பையனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"நான் ரூம் பக்கமே போறதில்ல அங்கிள். சவுண்ட் பாக்கறேன்."

"அதான் தெரியுமே, நம்ம மைக்க நோண்டி நோண்டி கத்துக்கினவதானே! ஃபீஸ் குடுக்கணும் நீ எனக்கு."

கவரையும் சீட்டையும் கொடுத்தேன். ஐயர் தெலுங்குச் சபையிலிருந்து வந்தவர், நம் கையெழுத்துகள் அவருக்குப் புரியாது. அதனால் எல்லாச் சீட்டையும் அண்ணன் ஒரே தாளில் பெரிய எழுத்தில் பிரதி எடுத்துக் கொடுப்பார். கண்ணாடியை ஏற்றிப் படித்தார். மறுபடி படித்தார்.

"மேடம்… பீடத்துக்கு முன்னாடி நின்னுக்கினு இந்த வார்த்தையப் படிக்கணுமா? சூதாட்டம் இல்லிங்களா இது?"

மேசைமேல் ஹவுசி டிக்கெட் கட்டு. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இது பண்டு சேக்கறதுக்கு மேடம். இது வேற."

"வேறதான், அண்ணே. நான் எழுதினதை அப்படியே எழுதிக்குங்க."

"பாத்துக்கலாம் மேடம், பாத்துக்கலாம்," என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

டேவிட் உள்ளிருந்து சிரிக்கும் சத்தம். என் காப்பியை பி.யே ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.


நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். ஆராதனை எட்டரைக்கு. பீடத்தைச் சுற்றிக் கரும்பு, பூசணி, நெற்கதிர், கூடை கூடையாகத் தக்காளி. ஏலத்துக்குக் கட்டிவைத்த சேவல் ஜெபத்தின் நடுவே இரண்டு முறை கூவியது. உட்கார இடமில்லை, வாசல் வரை ஆட்கள். நாங்கள் முன்னிருந்து மூன்றாவது பெஞ்சு.

பிரசங்கம் முடிந்து ஸ்தோத்திரங்கள். முதலில் ஒரு திருமண நாள். அடுத்தது யாருக்கோ பித்தப்பைக் கல் ஆபரேஷன். மூன்றாவது எங்கள் பெயர். மூவரும் எழுந்தோம்.

ஐயர் எழுத்துக்கூட்டிப் படித்தார்: "தங்கள் மகள் பிளெஸ்ஸி… வெளிநாட்டில்… ஒரு பெரிய நிறுவனத்தில்… பணி உயர்வு பெற்றதற்காக…"

சாலமோன் அண்ணனைத் தேடினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேவிட் தொண்டையைக் கனைத்தார். பி. ஆராதனைத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். இதை எதிர்பார்த்தவள்போல. அந்த மடிப்பைப் பார்த்தபிறகு எனக்கு வேறு வழி இல்லை.

"ஐயா."

நிறுத்தினார். கோயிலில் நான் தனியாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"மன்னிக்கணும். நான் எழுதிக் குடுத்தது வேற. எம் பொண்ணு ஒரு காசினோ ரிசார்ட்ல வேலை செய்றா. ராத்திரி நடக்கற இசை நிகழ்ச்சிக்கெல்லாம் அவதான் தலைமை சவுண்ட் இன்ஜினியர். அந்த வேலைக்கு அங்க வந்த முதல் பெண். அதுக்காகத்தான் ஸ்தோத்திரம்."

பின்னால் யாரோ "காசினோவா!" என்றது கேட்டது. யாரோ "உஷ்". முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஐயர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பி.யைப் பார்த்தார். "காசினோலோனா?" என்றார், தனக்குத்தானே, மைக்கில். பிறகு "சரே அம்மா" என்று பையிலிருந்து பேனா எடுத்தார். தாளில் தெலுங்கில் ஏதோ எழுதிக்கொண்டார். எங்கள் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்து நிதானமாகப் படித்தார். காசினோ. தலைமை சவுண்ட் இன்ஜினியர். முதல் பெண். ஒன்றும் விடவில்லை.

முடித்ததும் சபை மொத்தமும், பழக்கம்தானே, ஒரே குரலில்: "ஸ்தோத்திரம்."

உட்கார்ந்தோம். அடுத்தது ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை.

வாசலில் சாலமோன் அண்ணன் கைகொடுத்தார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. "மேடம், மூணு மணிக்கு ஹவுசி. வந்துடுவீங்க இல்ல?" வருகிறேன் என்றேன். டேவிட் சேவலை ஏலம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

காரில் பி. பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுத் தெரு திரும்பும்போது சொன்னாள்:

"மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சும்மா. நான் திரும்பிப் பாத்தேன்."